நாற்பத்தொன்றாம் சென்டிமீட்டர்

இடது ஓரத்திலிருந்து நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
அங்கே ஒரு கோடு ஓடும்.
வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்,
தண்ணீரில் கிடக்கும் தலைமுடி மாதிரி.

அது நான் போட்டது.

கஞ்சிக்கோட்டில், மார்கழி, இரவு ஷிப்ட்.
கணவாய் வழியே வரும் காற்று
கிழக்கு ஷட்டரை உலுக்கி உலுக்கிப் பார்க்கும்.
உள்ளே விட்டுவிட்டால் ஷீட்டின் ஒரு பக்கம் முந்திக் குளிரும்,
அப்பளமாய்ச் சுருளும்.
ஷட்டருக்கு அடியில் பழைய சாக்கைத் திணித்துவிட்டுத்தான்
மெஷினில் கை வைப்போம்.

ஹாப்பரில் குருணை.
பார்த்தால் கல் உப்பு, அள்ளினால் கையில் நிற்காது.
ஸ்க்ரூ அதை அமுக்கி, உருக்கி,
இருட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போகும்.
வெளியே வருகையில் அகலமாய், அவசரமில்லாமல்,
பதம் தப்பாத பாகாக
டையின் இரண்டு எஃகு உதடுகளுக்கு நடுவே இறங்கும்.
உதட்டுக்கும் ரோலருக்கும் நாலு விரல் இடைவெளி.
அந்த நாலு விரலுக்குள்
அது குருணையும் இல்லை, ஷீட்டும் இல்லை.
யாரும் அங்கே கையை நீட்டுவதில்லை.

அன்று இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது.
உதட்டோரம் கருகிப் பிடித்த கட்டி.
பித்தளைத் தகட்டால்தான் சுரண்ட வேண்டும்,
பித்தளை எஃகுக்கு விட்டுக்கொடுக்கும்.
தகட்டை எங்கோ வைத்துவிட்டு
பசந்த் சாப்பிடப் போயிருந்தான்.
என் இடுப்பில் பேப்பர் அறுக்கிற கத்தி.
ஒரே இழுப்பு.
கட்டி உதிர்ந்தது.
கண்ணாடியில் நகம் பட்டாற்போல ஒரு சத்தமும் வந்தது.

விடிகாலை சுகுணன் சார்
ஷீட்டை டியூப்லைட்டுக்குக் கீழே புரட்டினார்.
"ஒரு வர, கண்டோ?"
கண்டேன்.
யார் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
டையைக் கழற்றி, கோயம்புத்தூருக்கு அனுப்பி, மெருகேற்றி,
மறுபடி மாட்ட நாலு நாள்.
நாலு நாள் லைன் நிற்கும்.
காலண்டரைப் பார்த்தார். "சாரமில்லா" என்றார்.
பரவாயில்லை என்று அர்த்தம்.
க.க.சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை
நான் அதைத் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு எத்தனை டன்.
கேக் மூடி, பேரீச்சம்பழப் பெட்டி,
புதுச்சட்டைக் காலருக்குள் ஒளிகிற பட்டை.
மைக்ரோமீட்டர் கோட்டைப் பிடிக்காது.
எங்கே கடிக்க வைத்தாலும் ஐந்நூறு மைக்ரான் என்று
ஒரே பதிலைச் சொல்லும், என் மாமியார் மாதிரி.

பங்குனியில் எல்லையை மூடினார்கள்.
வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் என் வேலை.
இடையில் ஒரு கயிறும் இரண்டு டிரம்மும்.
கம்பெனி ஷெட்டிலேயே அடைபட்டிருந்த பசந்த்
ஒருநாள் போன் செய்தான்:
அக்கா, அந்தப் பித்தளைத் தகடு
சாக்குக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

நாற்பத்து மூன்றாம் நாள் பாஸ் வந்தது.
முகத்துக்குப் போடுகிற ஷீல்டுக்கு ஷீட் வேண்டுமாம்.
நாங்கள் திடீரென்று அத்தியாவசியம்.

செக்போஸ்ட்டில் ஒரு மேஜை, மரச்சட்டம்,
சட்டத்தில் ஆணியடித்த தெளிந்த ஷீட்,
காகிதம் நுழைய அடியில் அரைவட்டம்.
பின்னால் போலீஸ்காரர்.
"சம்பூர்ணம்?"
சம்பூரணம்.
"எந்தா ஜோலி?"
"இது" என்றேன்.
பாஸைக் காட்டுகிறேன் என்று நினைத்தார்.

வெயில் சாய்ந்து அவர் தோளில் விழுந்திருந்தது.
புருவத்தில் தொடங்கி, மூக்கோரம் இறங்கி,
தாடையைக் கடந்து
அந்த முடி.
கோட்டுக்கு இந்தப் பக்க முகம்
அந்தப் பக்க முகத்தைவிட ஒரு நூல் தாழ்ந்திருந்தது.
ஓரத்திலிருந்து ஜாண் வைத்தேன்.
ஒரு ஜாண், இரண்டாம் ஜாண் முடியவில்லை,
விரல் நுனி கோட்டில் போய் நின்றது.

"தொடருது!" என்று அதட்டினார்.
அவர் பாஷை எனக்குத் தெரியும்,
கையை எடுத்துக்கொண்டேன்.

ஆமாம் சார், தொடருது என்றேன்.
முத்திரை குத்தி
அரைவட்டத்தின் வழியே தள்ளினார்.